விழுங்கும்போது வலி: சிறுநீரக மாற்றுக்குப் பிறகு வந்த உணவுக்குழாய்ப் புண்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஏழு மாதங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தது நான்தான். நன்றாகத்தான் இருந்தார். ஒரு மாதமாக எதை விழுங்கினாலும் தொண்டையிலிருந்து நெஞ்சு வரை வலி. உள்ளூர் டாக்டர் முதலில் அசிடிட்டி என்று ஜெல் மருந்து கொடுத்தார். பிறகு பூஞ்சைத் தொற்றாக இருக்கும் என்று புளூகோனசோல் மாத்திரை எழுதினார். பத்து நாளாகியும் வலி குறையவில்லை. ஐந்து கிலோ இளைத்துவிட்டார், கையும் லேசாக நடுங்குகிறது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் எண்டோஸ்கோபி செய்தார்கள். உணவுக்குழாயில் நீளமாக இரண்டு புண்கள் இருப்பதாகவும், பயாப்ஸியில் சி.எம்.வி. வைரஸ் தெரிவதாகவும், புற்றுநோய் இல்லை என்றும் சொன்னார்கள். அட்மிட் ஆகி இரண்டு மூன்று வாரம் ஊசி போட வேண்டுமாம். ஆனால் ரத்தத்தில் அதே வைரஸைத் தேடியபோது ‘இல்லை’ என்று வந்தது. ரத்தத்திலேயே இல்லாததற்கு எதற்கு ஊசி என்று என் தம்பி கேட்கிறான். என் சிறுநீரகம் வழியாகத்தான் இந்த வைரஸ் அவருக்குப் போனதா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைக் கொஞ்ச நாள் நிறுத்தினால் உடம்பே இதைச் சரிசெய்துகொள்ளாதா? சீந்தில் பொடி கொடுக்கச் சொல்கிறார்கள். விழுங்க முடியாததால் மாத்திரைகளைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். மருமகள்தான் பொடித்துத் தருகிறாள். அவளுக்கு இது நான்காம் மாதம், அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.
– தஞ்சை மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, அவசரமான இரண்டு விஷயங்களைக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் போகப் போவதில்லை. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, மாத்திரை பொடிப்பது, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

உங்கள் கணவர் சாப்பிடும் மாத்திரைகளில் மைக்கோபினோலேட் நிச்சயம் இருக்கும் என்று நினைக்கிறேன். சிறுநீரக மாற்று செய்துகொண்ட பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் சேர்த்துத்தான் தருவார்கள். மைக்கோபினோலேட் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து. கருச்சிதைவும், காது, உதடு, அண்ணம், இதயம் ஆகியவற்றில் பிறவிக் குறைகளும் வரலாம் என்பது தெரிந்த விஷயம். அதனால்தான் இந்த மாத்திரையை உடைக்கக் கூடாது, கேப்சூலாக இருந்தால் பிரிக்கக் கூடாது என்கிறோம். பொடிக்கும்போது கையில் படும், காற்றில் கலந்து மூக்கிலும் ஏறும். கர்ப்பிணி இந்த வேலையைச் செய்யவே கூடாது. இனி சி.எம்.வி.க்குத் தரப்போகும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரைக்கும் இதே விதிதான். அதையும் உடைக்கக் கூடாது.

மருமகளைப் பயமுறுத்தாதீர்கள். மாத்திரையை விழுங்குவதும் பொடியைக் கையாள்வதும் ஒன்றல்ல, உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு. ஆனால் எத்தனை நாள் பொடித்தாள், எந்த மாத்திரை என்பதை அவளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் மாதத்தில் எப்படியும் குழந்தையின் உறுப்புகளை விவரமாகப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பார்கள். விஷயம் தெரிந்தால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். பொடித்த கல்லையும் கரண்டியையும் சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரி, விழுங்க முடியாதவருக்கு மாத்திரையை எப்படித்தான் கொடுப்பது? அதை வீட்டில் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். மருத்துவமனையில் திரவ வடிவ மருந்து, மூக்குக் குழாய், நரம்பு வழி மருந்து என்று வழிகள் உண்டு. வலிக்கு பயந்து ஒரு வேளை டாக்ரோலிமஸை விட்டாலும், சாப்பிட்ட உடனே வாந்தி எடுத்தாலும், அது அன்றே போன் செய்து கேட்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது அவசரம், அந்தக் கை நடுக்கம். புளூகோனசோல் நல்ல மருந்துதான். ஆனால் அது டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது. விளைவு, அதே அளவு டாக்ரோலிமஸைச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறினால் கை நடுங்கும், சிறுநீரகம் பாதிக்கும், எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கும். எந்த வைரஸோடு போராடுகிறோமோ அதற்கே வசதி செய்து கொடுத்த மாதிரி. புளூகோனசோலை நிறுத்தினால் நேர் எதிராக நடக்கும். டாக்ரோலிமஸ் அளவு இறங்கிவிடும், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கும் ஆபத்து வரும். ஆக, தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் டாக்ரோலிமஸ் அளவைப் பார்த்து டோஸை மாற்றியாக வேண்டும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாற்று சிறுநீரக மருந்துகளின் சீட்டைக் காட்டினீர்களா என்று தெரியவில்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் இந்தப் பத்து நாள் மாத்திரையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், காலை டோஸைச் சாப்பிடும் முன் கொடுக்க வேண்டும். பலர் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்று, தப்பான அளவோடு திரும்புகிறார்கள்.

அந்த ஜெல் மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி ஜெல்கள் மைக்கோபினோலேட்டைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்யும். கடையில் கேட்டு வாங்கி இரண்டு மூடி குடிக்கிற சாதாரண விஷயம் இவருக்குச் சாதாரணம் அல்ல.

இனி நோய்க்கு வருவோம். இப்படி விழுங்கும்போது நெஞ்சு வரை வலித்தால், புண் பெரும்பாலும் தொண்டையில் இருப்பதில்லை. தொண்டைக்குக் கீழே சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு மார்புக்கூட்டுக்குள் இறங்கும் உணவுக்குழாயில்தான் புண் இருக்கும். டார்ச் அடித்து வாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் நோயாளிகளிடம் முதலில் கேட்பது, உணவு மாட்டிக்கொள்கிறதா, அல்லது இறங்கும்போது வலிக்கிறதா என்பதுதான். மாட்டிக்கொண்டால் குழாய் சுருங்கியிருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். தண்ணீர் இறங்கினாலே வலித்தால் புண்ணைத் தேடுவோம். எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவர் இரண்டாவது பதிலைச் சொன்னால் என் மனதில் மூன்று பெயர்கள் ஓடும்: கேண்டிடா பூஞ்சை, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சி.எம்.வி. எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ்.

மூன்றில் கேண்டிடாதான் அதிகம். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைப் படலம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதனால் முதலில் பூஞ்சை மருந்து கொடுத்துப் பார்ப்பது தப்பான வழி அல்ல, உங்கள் உள்ளூர் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூஞ்சையாக இருந்தால் சில நாட்களிலேயே, மிஞ்சிப்போனால் ஒரு வாரத்தில், வலி குறைய ஆரம்பிக்க வேண்டும். குறையவில்லை என்றால் அடுத்த மாத்திரைக்குத் தாவாமல் எண்டோஸ்கோபி செய்து உள்ளே பார்த்துவிட வேண்டும். உறுப்பு மாற்று செய்தவர்கள் விஷயத்தில் நான் அந்த ஒரு வாரத்தைக்கூடக் கொடுக்கத் தயங்குவேன். மூன்றுக்கும் மருந்து வேறு, மூன்றும் மற்ற மருந்துகளோடு மோதும் விதமும் வேறு. ஊகத்தின் பேரில் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கணவரின் நடுங்கும் கையே உதாரணம்.

எண்டோஸ்கோபியில் பார்த்தவுடனேயே ஓரளவு தெரிந்துவிடும். ஹெர்பிஸ் புண்கள் சிறியவை, ஆழம் குறைந்தவை, கூட்டமாக இருக்கும், விளிம்பு சற்று மேடாக இருக்கும். சி.எம்.வி. புண்கள் பெரியவை, நீளவாக்கில் ஓடும், எண்ணிக்கையில் குறைவு. உங்கள் கணவருக்கு நீளமாக இரண்டு என்று சொன்னது இதோடு பொருந்துகிறது. ஆனாலும் பார்வையை மட்டும் நம்பக் கூடாது. சதைத் துணுக்கு எடுத்தே தீர வேண்டும். எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஹெர்பிஸ் வைரஸ் குழாயின் மேல்தோல் செல்களில் குடியிருக்கும், அதனால் புண்ணின் விளிம்பில் எடுக்க வேண்டும். சி.எம்.வி. அடியில் உள்ள ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களிலும் இணைப்புத் திசுவிலும் இருக்கும், அதைப் பிடிக்கப் புண்ணின் குழியில் எடுக்க வேண்டும். எதுவென்று முன்கூட்டித் தெரியாததால் இரண்டு இடத்திலும் பல துணுக்குகள் எடுப்போம். சி.எம்.வி. புகுந்த செல் நுண்ணோக்கியில் ஊதிப் பெருத்து, நடுவில் ஆந்தையின் கண்போலத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு அறிக்கை எழுதியிருப்பார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்துக்கும் அதே பயாப்ஸி பதில் சொல்லிவிட்டது. அந்தப் பயத்தை அத்தோடு விடுங்கள்.

உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானதுதான். ரத்தத்தில் பி.சி.ஆர். முறையில் வைரஸைத் தேடியிருப்பார்கள். குடல், உணவுக்குழாய் போன்ற இடங்களில் மட்டும் சி.எம்.வி. கிளம்பும்போது ரத்தத்தில் அது மிகக் குறைவாகவோ, சிலருக்கு அறவே தெரியாமலோ இருப்பதுண்டு. ஏற்கெனவே இந்த வைரஸோடு பழகிய உடம்புகளில் இது இன்னும் சகஜம். புண்ணிலேயே வைரஸ் இருக்கிறது என்று சதை சொன்ன பிறகு, ரத்தப் பரிசோதனை ‘இல்லை’ என்கிறது என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் சிறுநீரகத்தின் வழியாக வந்ததா? நம் நாட்டில் பெரியவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் சி.எம்.வி.யை உடம்பில் சுமக்கிறார்கள். சிறுவயதிலேயே எச்சில், தாய்ப்பால் வழியாக வந்து, ஒரு சாதாரணக் காய்ச்சலாகவோ ஒன்றுமே தெரியாமலோ போய், உடலின் சில செல்களுக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி காவல் இருக்கும்வரை தலை தூக்காது. அறுவை சிகிச்சைக்கு முன் உங்கள் இருவருக்குமே இதற்கான ரத்தப் பரிசோதனை செய்திருப்பார்கள்; கோப்பில் ‘சி.எம்.வி. ஐ.ஜி.ஜி.’ என்று தேடுங்கள். இருவருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று இருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் இப்போது கிளம்பியது அவருடைய பழைய வைரஸா, சிறுநீரகத்தோடு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை. இதில் நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. இந்த ஆபத்து தெரிந்துதான் பல மையங்களில் முதல் சில மாதங்களுக்கு வால்கான்சிக்ளோவிர் தடுப்பாகக் கொடுக்கிறார்கள். அதை நிறுத்திய சில மாதங்களில் வைரஸ் எட்டிப்பார்ப்பது எங்களுக்குப் பழக்கமான கதை. ஏழாம் மாதம் என்பது அந்தக் கணக்கில்தான் வருகிறது.

மாத்திரைகளை நிறுத்தினால் உடம்பே சரிசெய்யாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. எதிர்ப்புச் சக்தி ஓரளவு திரும்பினால் வைரஸ் அடங்கும். அதனால்தான் மருத்துவர்களே சில நேரம் மைக்கோபினோலேட்டின் அளவைக் குறைப்பார்கள். ஆனால் அவர்கள் குறைப்பது ஒரு மருந்தை, குறிப்பிட்ட அளவுக்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே. வீட்டில் நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி முதலில் பாய்வது வைரஸ் மீதா, உங்கள் சிறுநீரகத்தின் மீதா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சீந்தில் பொடிக்கும் இதே பதில்தான். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லித்தானே கொடுக்கிறார்கள்? இவருக்கு அதைக் குறைத்து வைக்கத்தான் மாதாமாதம் இத்தனை செலவு செய்கிறீர்கள். தவிர, சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சித்த மருத்துவத்தின் மீது எனக்குப் பகை இல்லை. மாற்று உறுப்பு இருக்கும் உடம்பில் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது கெர்ட்ரூட் எலியன். அமெரிக்க வேதியியலாளர். ஜார்ஜ் ஹிட்சிங்ஸோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அசாதியோப்ரின்தான் தொடக்க காலச் சிறுநீரக மாற்றுகளைக் காப்பாற்றிய மருந்து. ஹெர்பிஸை அடக்கும் அசைக்ளோவிரும் அவருடைய குழுவிலிருந்தே வந்தது. 1988இல் நோபல் பரிசு வாங்கினார். எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போட ஒரு மருந்து, கட்டிப்போட்டதால் கிளம்பும் வைரஸுக்கு இன்னொரு மருந்து, இரண்டும் ஒரே ஆளிடமிருந்து.

உங்கள் கணவருக்குப் போடப்போவது கான்சிக்ளோவிர். ஹெர்பிஸாக இருந்தால் அசைக்ளோவிர் போதும், சி.எம்.வி.க்கு அது போதாது. கான்சிக்ளோவிரை ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவார்கள். எடையையும் சிறுநீரகம் வேலை செய்யும் அளவையும் பார்த்து டோஸ் முடிவாகும். நோய் தீவிரமாக இல்லாதபோது அதன் மாத்திரை வடிவமான வால்கான்சிக்ளோவிரே போதும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் விழுங்கவே முடியாதவருக்கு ஊசியில் ஆரம்பிப்பதுதான் நியாயம். வலி விட்டு நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். அதை உணவோடு சாப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலும் மூன்று வாரம் முழு டோஸ். அதற்குப் பிறகும் சிலருக்குக் குறைந்த டோஸில் சில வாரங்கள் தொடர்வார்கள், ஏனென்றால் இது திரும்பி வரும் சுபாவம் உள்ள வைரஸ்.

இந்த மருந்தில் நாங்கள் பயந்து பார்ப்பது வெள்ளை அணுக்களை. மைக்கோபினோலேட்டும் அவற்றைக் குறைக்கும், கான்சிக்ளோவிரும் குறைக்கும். அதனால் வாரம் ஒரு முறையாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகும்தான். எண்ணிக்கை இறங்கினால் மருத்துவர் மற்ற மருந்துகளை மாற்றுவார், அல்லது அணுக்களைக் கூட்ட ஒரு ஊசி போடுவார். விலை அதிகம் என்பதாலோ அணு குறைந்தது என்பதாலோ நீங்களாக ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையாகக் குறைத்துவிடாதீர்கள். அரைகுறை டோஸில்தான் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறும். அப்படி மாறினால் அடுத்து இருக்கும் ஃபோஸ்கார்னெட் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து.

சாப்பாடு. ஆறிய, குழைந்த, புளிப்பும் காரமும் இல்லாத எதுவும் சரி. காய்ச்சிய பாலில் வீட்டில் தோய்த்த புளிக்காத தயிர் சாதம், கேழ்வரகுக் கஞ்சி, இட்லியைப் பாலில் ஊறவைத்து, நன்றாக வெந்த முட்டை, பருப்பு மசித்த சாதம். மிளகு ரசம் தொண்டைக்கு இதம் என்று சூடாக ஊற்றாதீர்கள். இளநீரைத் தாராளமாகக் கொடுக்க வேண்டாம்; டாக்ரோலிமஸ் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரில் அது ஏராளம். பம்பளிமாஸ் பழமும் கூடாது, அது புளூகோனசோல் செய்த அதே வேலையைச் செய்யும். மாத்திரைகளை உட்கார்ந்தபடி ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் படுக்க வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் தவிர எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதே வைரஸ் நுரையீரலுக்கும் போகக்கூடியது. நெஞ்சு வலியோடு வியர்த்தால் புண் வலி என்று நினைத்துக்கொண்டு உட்காராமல் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். புண் ஆறி சில மாதம் கழித்து உணவு மாட்டிக்கொள்வதுபோல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆழமான புண் ஆறும்போது குழாய் சுருங்குவதுண்டு.

மருமகளுக்கு ஒட்டுமா என்ற கேள்வி பாக்கி. சி.எம்.வி. எச்சில், சிறுநீர் போன்றவற்றின் வழியே பரவும், காற்றில் அல்ல. அவளுக்கும் சிறுவயதிலேயே வந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் முதல்முறையாக வரும் தொற்றுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. முன்பே வந்தவர்களுக்கு ஆபத்து மிகவும் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமனாரைத் தனி அறையில் ஒதுக்க வேண்டியதில்லை. அவர் சாப்பிட்ட தட்டு, டம்ளரை அவள் பகிர வேண்டாம், அவருடைய எச்சில் துணியையும் வாந்தியையும் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். உண்மையில் கர்ப்பிணிகளுக்கு இந்த வைரஸ் அதிகம் வருவது தத்தித் திரியும் குழந்தைகளின் எச்சிலிலிருந்தும் சிறுநீரிலிருந்தும்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. இருந்து சி.டி.4 எனப்படும் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை இறங்கியவர்கள், எல்லோருக்கும் இந்தப் புண்கள் வரலாம். எச்.ஐ.வி.யில் சி.எம்.வி. பொதுவாக சி.டி.4 50க்குக் கீழே போன பிறகே தலைகாட்டும், அங்கே ஏ.ஆர்.டி. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு எண்ணிக்கையை ஏற்றுவதே பாதி சிகிச்சை. பெயரில்லாத பொட்டலத்தில் மூட்டு வலிக்குப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

கடைசியாக உங்கள் இடுப்பு வலி. என்ன மாத்திரை என்று எழுதவில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசெக்ளோஃபெனாக் என்று அட்டையில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு அவை ஆகாது. பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். கொடையாளருக்கும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். கணவர் வார்டில் இருக்கும் நாட்களில் அதே மருத்துவமனையில் உங்களுக்கும் அந்தப் பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள்; இடுப்பையும் ஒருவர் பார்க்கட்டும்.